மாகாளியம்மன் பங்கு ஒன்பது கிலோ

நஞ்சப்பன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எருத்தேன்பதியில் பதிமூன்று குடும்பங்கள் அந்த வருஷம் கடலை விதைத்திருக்கும். அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் கேட்டவர் ரயில்வேக்காரர். நஞ்சப்பனோ, பெரிய மனுஷர் ஒருத்தர் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள். வேறென்ன வேண்டும்?

எழுபத்தாறாம் வருஷம், ஆனி மாதம். நாட்டில் ரயில்களெல்லாம் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்ட காலம். ஸ்டேஷன் சுவரிலெல்லாம் 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதிகாரியை எதிர்த்துப் பேசினால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது மாடு மேய்க்கிறவன் வரைக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் பக்கம் ஒரு பொட்டு மழை கிடையாது. விதைக்கென்று எடுத்து வைத்திருந்த கடலையையும் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தாயிற்று. விதை இல்லாத குடியானவன் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவான், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதிமூன்று குடும்பமும் கூடிப் பேசி, கையில் காதில் கிடந்ததைக் கழற்றிப் போட்டு, ஆந்திராப் பக்கம் விதைக்கடலை வாங்கி வர நஞ்சப்பனை அனுப்பினார்கள். ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தே அது முளைக்குமா முளைக்காதா என்று சொல்கிற நாக்கு அவனுக்கு. மூன்று ஏக்கரா மானாவாரியை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிற வள்ளியாத்தாள் தன் தோட்டைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு, "நஞ்சப்பா, இது போச்சுன்னா அடுத்த வருசம் நானு பூமிய வித்துப்போட்டுப் போகோணும்" என்று மட்டும் சொன்னாள்.

நஞ்சப்பன் போனான், நல்ல விதையாகப் பொறுக்கினான், அறுபது மூட்டை தன் கையாலேயே பிடித்தான். மூட்டைக்கு நாற்பது கிலோ. அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊர்ப் பக்கம் விதையை யாரும் கறாராக அளப்பதில்லை. அளந்து முடித்ததும் இரண்டு கையும் கூட்டி ஒரு அள்ளு அள்ளி, 'மாகாளியம்மனுக்கு' என்று சொல்லி மூட்டைக்குள் போட்டுத்தான் வாய் தைப்பார்கள். அந்த ஒரு அள்ளு இல்லாத விதை முளைக்காது. முளைக்காதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, போடாமல் விட்டவன் இருந்தால்தானே. நஞ்சப்பனும் அறுபது மூட்டைக்கும் அறுபது தடவை அம்மன் பேரைச் சொல்லிப் போட்டான். ரயில்வே ரசீதில் மட்டும் இரண்டாயிரத்து நானூறு கிலோ என்று எழுதினார்கள்.

வண்டி புரசம்பாறை ஸ்டேஷனுக்குச் சொன்ன நாளில் சொன்ன மணிக்கு வந்து நின்றது. முதல் நாள்தான் ஊரில் நல்ல மழை. பதிமூன்று குடும்பமும் உழுது போட்டுக் காத்திருந்தது. சாயங்காலம் மூட்டையை ஏற்றினால் மறுநாள் காலையில் ஏர் பூட்டி விதைத்துவிடலாம்.

சரக்குக் குமாஸ்தா சுப்பராமன் கல்பாத்தி அக்கிரஹாரத்துக்காரர், நல்ல மனுஷர். விதிப் புத்தகத்தைத் துணியில் சுற்றித்தான் வைத்திருப்பார். அவருடைய கெட்ட நேரம், அந்த வாரம்தான் வருகிற சரக்கையெல்லாம் மறு எடை போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்திருந்தது. அவர் போட்டார். இரண்டு தடவை கூட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ரசீதுக்கு மேல் ஒன்பது கிலோ இருக்கிறதே, அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

"அதுங்களா? அது மாகாளியம்மனுக்குங்க சாமி. மூட்டைக்கு ஒரு அள்ளு, நாந்தானுங்க போட்டேன்" என்றான் நஞ்சப்பன், உள்ளதை உள்ளபடி.

சுப்பராமனுக்குப் பேனா நின்றுவிட்டது. சரக்கு குறைந்தால் நிரப்புவதற்குப் பதினோரு விதமான அச்சடித்த பாரம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ரயிலில் ஏறிய சரக்கு குறைந்துதான் பார்த்திருக்கிறார், கூடிப் பார்த்ததில்லை. அதையும் தானே கூட்டினேன் என்று ஒருத்தன் சிரித்த முகத்தோடு வந்து ஒப்புக்கொண்டும் பார்த்ததில்லை.

"கவுண்டரே, தராசு தப்புன்னு சொல்லியிருந்தா ஒரு பாரம் உண்டு. தெரியாதுன்னு சொல்லியிருந்தா அதுக்கும் ஒண்ணு உண்டு. நீர் ஒத்துக்கிண்டுட்டீர். இது தகராறாயாச்சு, இனிமே என் கையில ஒண்ணும் இல்லை, மனசிலாச்சோ?" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

தகராறு எதுவும் தனக்கு இல்லை, ஒன்பது கிலோவுக்கு என்ன கூலியோ அதைக் கட்டிவிடுகிறேன், வேண்டுமானால் அபராதமும் போட்டுக்கொள்ளுங்கள் என்று நஞ்சப்பன் கும்பிட்டான். பணம் வாங்கினால் தகராறு தீர்ந்துவிடும், தகராறு தீராமல் பணம் வாங்கக் கூடாது என்று விதி இருப்பதைச் சுப்பராமன் பிரித்தே காட்டினார். மூட்டை ஏற்ற வந்திருந்த பதிமூன்று மாட்டு வண்டியும் வெறும் வண்டியாகத் திரும்பின. வள்ளியாத்தாள் ஊர் எல்லையில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாளாம்.

நாலாம் நாள் எடைத் தகராறுத் தீர்வு அதிகாரி வந்தார். பெயர் சுந்தரேசன். கோட்ட அலுவலகத்தில் தகராறு தீர்ப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது, அதில் அவரையும் சேர்த்துப் பதினேழு பேர். அவர் வந்து இறங்கியதும் முதல் காரியமாக மேஜையைக் கிழக்குப் பார்த்துப் போடச் சொன்னார். இரண்டாவது காரியமாகக் காப்பி. பிறகு 'பேச்சைக் குறை' என்று எழுதியிருந்த சுவருக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். கேட்க நஞ்சப்பனும் சுப்பராமனும் இரண்டு போர்ட்டர்களும் இருந்தார்கள்.

"ரயில்வே என்றால் சரக்கைக் கொண்டு போகிற ஸ்தாபனம் என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். கேட்டேளா? சரக்கு இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். எடை அப்படி இல்லை, எடை காகிதத்தில் நிற்கிறது. என் சர்வீஸில் எந்தத் தகராறையும் நான் அவசரப்பட்டுத் தீர்த்தது கிடையாது. அவசரப்பட்டுத் தீர்த்தால் அதில் நியாயம் இருக்கலாம், ஆனால் பைல் இருக்காது. பைல் இல்லாத நியாயத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்?"

நஞ்சப்பன் இடம் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "ஈரங் காயறதுக்குள்ள வெதைக்கோணுமுங்க."

"ஈரம் ரயில்வேயின் பொறுப்பில் வராது" என்றார் சுந்தரேசன், கோபமே இல்லாமல்.

தகராறுக்கு உரிய பொருளைத் தகராறு இல்லாத பொருளிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. எந்தக் கை போட்டதோ அந்தக் கையே எடுக்க வேண்டும். நஞ்சப்பன் அறுபது மூட்டையையும் அவிழ்த்து, மூட்டைக்கு ஒரு அள்ளு எடுத்தான். போடும்போது அம்மன் பேரைச் சொன்னவனுக்கு எடுக்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஒன்பது கிலோ. அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி அரக்கு வைத்து, மழை படாமல் எலி அண்டாமல், அதிகாரியின் மேஜைக்குக் கீழேயே வைத்தார்கள். பெட்டி மேல் சாட்சிப் பொருள் என்று எழுதி ஒட்டினார்கள்.

இப்போது மிச்சம் இருப்பது சரியாக இரண்டாயிரத்து நானூறுதானே, அதைக் கொடுத்துவிடலாமே என்று நஞ்சப்பனுக்கு ஒரு யோசனை. கேட்டும் விட்டான். சுந்தரேசன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். சரக்கைக் கொடுத்துவிட்டால் இந்தப் பெட்டி எதற்குச் சாட்சி என்று திருப்பிக் கேட்டார்.  அது பதில் இல்லாத கேள்வி என்பது தெரியாமல் நஞ்சப்பன் ராத்திரி தூக்கம் வராமல் யோசித்திருக்கிறான், பாவம்.

அடுத்து, ஸ்டேஷன் தராசு சரிதானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பார்ப்பதற்கு முத்திரை குத்திய இருபது கிலோ படிக்கல் கோட்ட அலுவலகத்தில் இருந்தது. அதை வரவழைத்தார்கள், சரக்கு ரயிலில். சரக்கு ரயிலில் வருகிற எதையும் மறு எடை போட வேண்டும் என்று தாக்கீது இருக்கிறதே, சுப்பராமன் படிக்கல்லைத் தூக்கி அந்தத் தராசிலேயே வைத்தார். இருபது கிலோ நூறு கிராம் காட்டியது. தராசு தப்பா, கல் தப்பா என்று சுந்தரேசன் யோசிக்கவே இல்லை. ரசீதில் இருபது, தராசில் இருபதே நூறு, கூடுதல் நூறு கிராமைப் பற்றிக் கல்லை அனுப்பிய அலுவலகத்திடம், அதாவது தன்னிடமே, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லும் தகராறில் சேர்ந்தது. அதைக் கடலை மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார்கள்.

ஆனி பன்னிரண்டாம் தேதி இரண்டாவது மழை. எங்கள் பக்கம் ஒரு பட்டத்துக்கு மூன்று மழை வந்தால் பெரிய காரியம். அந்த வருஷம் மூன்றும் வந்தது. நிலத்திலும் பெய்தது, சரக்குக் கொட்டகையிலும் பெய்தது. விதை கொட்டகையில் இருந்தது. கூரைத் தகரம் ஏழு இடத்தில் ஓட்டை, ஏழும் மூட்டைகளுக்கு மேலே. நஞ்சப்பன் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடினான். தகராறில் இருக்கிற சரக்கைக் கட்சிக்காரர் தொடக் கூடாது, தார்ப்பாய்க்கும் எடை உண்டு என்று போர்ட்டர் மறித்தான். சுப்பராமன் கூரை ரிப்பேருக்கு மூன்று வருஷம் முன்பே எழுதியிருப்பதாகவும் நகல் இருப்பதாகவும் சொல்லி, நகலை எடுத்துக் காட்டினார். சோறு கொண்டு வந்திருந்த நஞ்சப்பன் மனைவி கருப்பாத்தாள், தூக்குச் சட்டியை மூட்டைகளின் மேல் சொட்டுகிற இடத்தில் பிடித்துக்கொண்டு மழை விடுகிற வரை நின்றாள். சட்டி எடையில் சேராது, அவள்தான் பிடித்திருக்கிறாளே என்று போர்ட்டர் ஒத்துக்கொண்டான். ஆறு ஓட்டைக்குச் சட்டி இல்லை.

மறுநாள் எடை போட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று.

சுந்தரேசன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. "ஒன்பது கிலோவை எடுத்த பிறகும் நூற்று அறுபத்தொன்று கூடியிருக்கிறது. நான் அப்பவே நினைச்சேன், இது சாதாரணக் கேஸ் இல்லை" என்றார். மழைத் தண்ணீர் என்று நஞ்சப்பன் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. மழையை யார் புக் பண்ணினார்கள், ரசீது எங்கே என்று கேட்டார். ரயில்வே காவலில் இருக்கும்போது ரகசியமாகப் பெருகிய சரக்கு என்று தனியாக இரண்டாவது பைல் திறந்தார்கள். நஞ்சப்பன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மூட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சூடு ஏறிய வாசனை வந்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் காய வைத்தால் பாதியாவது தேறும் என்று சொன்னான். அன்றைக்கு ஒருத்தர் காலில் விழாமல் பாக்கி விடவில்லை அவன், போர்ட்டர் உட்பட.

காய வைக்கத் தடையில்லை என்றார் சுந்தரேசன், ஆனால் அதற்குச் சரக்கில் பங்குள்ள எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பங்குள்ளவர் என்று நஞ்சப்பனே வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிற மாகாளியம்மனும் போட வேண்டும். அம்மனுக்கு நோட்டீஸ் போயிற்று, ரிஜிஸ்தர் தபாலில். 'ஸ்ரீ மாகாளியம்மன், தகப்பனார் பெயர் தெரியவில்லை, எருத்தேன்பதி' என்று விலாசம். தபால்காரர் கோவிலுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பூசாரி செங்கோட்டையனின் கட்டை விரலை மையில் தொட்டு ஒப்புகைச் சீட்டில் வைத்து வாங்கிக்கொண்டு, நோட்டீஸைச் சூலத்தில் குத்திவிட்டு வந்தார். இதற்குள் மூன்றாவது மழையும் பெய்து முடிந்தது.

சட்டத்தில் சாமி மைனராக்கும் என்று சுப்பராமன்தான் எடுத்துச் சொன்னார், அதனால் கார்டியன் வந்தால் போதுமாம். ஆனி இருபத்து நாலாம் தேதி பூசாரி செங்கோட்டையன் குளித்து முழுகி, உடுக்கையையும் எடுத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தார். எதற்கு உடுக்கை என்று கேட்டதற்கு, சாமி விஷயம் என்றார்களே என்றார்.

அம்மனுக்குப் போடுகிற ஒரு அள்ளு தானமா, அடமானமா, இல்லை வைப்பா என்று சுந்தரேசன் கேட்டார். பூசாரி நஞ்சப்பனைப் பார்த்தார், நஞ்சப்பன் தரையைப் பார்த்தான். சரி, அம்மனுக்கு இந்த ஒன்பது கிலோவில் உரிமை உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லும் என்றார் அதிகாரி.

"எனக்கென்னங்க தெரியும். அம்மங்கிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டையன் உடுக்கையை எடுத்தார். நாலு தட்டு தட்டினார். ஐந்தாவது தட்டில் உடம்பு ஆடியது. ஸ்டேஷன் மணி அடிக்கிற ஆள் உட்பட எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுந்தரேசனும் எழுந்தார், செருப்பையும் கழற்றினார்.

"எம் மக்க வவுத்துல மண்ணப் போட்டுப்போட்டு எனக்கென்னடா பங்கு?" என்றது சாமி. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். வெதையக் குடுத்து உடுடா!"

 நஞ்சப்பனுக்குக் கண்ணீர் கொட்டியது. முடிந்தது, ஜெயித்தாயிற்று, அம்மனே வந்து சொல்லிவிட்டாள் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றான். சுந்தரேசன் கைகட்டிப் பணிவாக முன்னால் போய்க் குனிந்து, தன் மூத்த பெண்ணுக்கு வரன் தகையவே மாட்டேனென்கிறது, எப்போது தகையும் என்று கேட்டார். தை மாதத்துக்குள் தகையும் என்றது சாமி. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், திருநீறு வாங்கி இட்டுக்கொண்டார், செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ, சுப்பராமா. மூன்றாம் கட்சிக்காரி வாய்மொழியாக ஏதோ சொன்னாள். வாய்மொழி செல்லாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "தவிர, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஒன்பது கிலோவும் இப்போது உரிமை கோராத சரக்கு. அதற்கு ஆறு மாசம் நோட்டீஸ் ஒட்டணும்" என்று முடித்தார்.

பெண்ணின் கல்யாணத்துக்கு வாய்மொழி போதுமா என்று கேட்க நஞ்சப்பனுக்குத் தோன்றவில்லை. சுப்பராமனுக்குத் தோன்றியிருக்கும், அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நஞ்சப்பன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். போனால் வழியில் வள்ளியாத்தாளின் காடு. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தடவை என்று மூன்று தடவை உழுது போட்டு, கட்டி உடைத்து, ஒரு புல் இல்லாமல் வைத்திருந்தாள். என்னாச்சு என்று அவள் கேட்டாலும் பரவாயில்லை, கேட்காமல் பார்க்கிறாள். அதற்கு ஸ்டேஷன் பெஞ்சே மேல் என்று அங்கேயே கிடந்தான். மூட்டைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை சாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். நல்ல விதை. அவன் நாக்கு பொய்க்கவில்லை, ஒரு விதை சோடை போகவில்லை. எல்லாம் முளைத்தது, கொட்டகைச் சிமெண்டுத் தரையில். ஒரு வாரத்தில் முளையெல்லாம் கறுத்துப் பூசணம் பூத்தது. ராத்திரி எலி, பகலில் அணில்.

சரக்கு அழுக அழுக எடை இறங்கியது. தினமும் காலையில் எடை போட்டு, கோட்ட அலுவலகத்துக்குத் திரும்பியிருந்த சுந்தரேசனுக்குச் சீட்டு அனுப்பினார்கள். இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பது, நானூற்றுத் தொண்ணூறு, நானூற்று ஐம்பத்திரண்டு. தகராறு தானாகவே குறைந்து வருவதாகவும், இந்த நேரத்தில் யாரும் குறுக்கிட வேண்டாம் என்றும் அவர் பதில் எழுதினார். துர்நாற்றம் தாங்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் லீவில் போனார். போர்ட்டர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார்கள். ஆடி நாலாம் தேதி காலையில் தராசு முள் ஒரு தரம் ஆடி, இரண்டாயிரத்து நானூறில் நின்றது.

அன்றைக்கே சுந்தரேசன் வந்துவிட்டார், மாலையும் கையுமாக. மாலை அவருக்குத்தான், கோட்ட அலுவலகத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ரசீதிலும் இரண்டாயிரத்து நானூறு, தராசிலும் இரண்டாயிரத்து நானூறு. இவ்வளவு நுட்பமாக ஒரு எடைத் தகராறு தீர்ந்தது இந்தக் கோட்டத்தின் சரித்திரத்திலேயே கிடையாது என்று சுவருக்குக் கீழே நின்று அரை மணி நேரம் பேசினார். "ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார். நீர் இனிமேல் தாராளமாகச் சரக்கை எடுத்துண்டு போகலாம், கவுண்டரே. எடை சரியாக இருக்கிறது என்று இங்கே ஒரு கையெழுத்து."

நஞ்சப்பன் கையெழுத்துப் போட்டான். பதிமூன்று வண்டியும் வந்து நின்றன. மூட்டையைத் தூக்கினால் அடி கழன்று கறுப்பாகக் கூழ் ஊற்றியது. வண்டி மாடுகளே முகத்தைத் திருப்பின.  ஏற்ற வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு காரியம் இருக்கு" என்று சுந்தரேசன் மேஜைக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியை இழுத்தார். தகராறே இல்லையென்று ஆன பிறகு சாட்சிப் பொருள் எதற்கு, ஆறு மாச நோட்டீஸ்தான் எதற்கு, அதை அம்மனின் கார்டியனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அரக்கை உடைத்தார். மூடியைத் திறந்ததும் நஞ்சப்பன் குனிந்து முகர்ந்தான். காய்ந்த கடலை வாசனை. முப்பது நாளாக அவன் மறந்தே போயிருந்த வாசனை. ஒரு காய் கூடக் கெடவில்லை.

பெட்டிக் கடலையைத் தராசில் வைத்தார்கள். எட்டுக் கிலோ நானூறு.

"அறுநூறு கிராம் குறைகிறதே" என்றார் சுந்தரேசன் மெதுவாக. அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"காஞ்சிருக்குதுங்க. காஞ்சா கொறையுமுங்க" என்றான் நஞ்சப்பன்.

"அம்மன் சொத்து அறுநூறு கிராம் ரயில்வே காவலில் குறைந்திருக்கிறது. நான் எப்படி இதைக் கொடுக்க முடியும்? நாளைக்கு அவள் கேட்டால் யார் ஜவாப் சொல்றது?" புதுத் தகராறு, முதல் விசாரணை தை மாதம் என்று சொல்லிவிட்டு, பைல் போடக் காகிதம் எடுக்க அவரே அடுத்த அறைக்குப் போனார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

பெட்டி திறந்து கிடந்தது. நஞ்சப்பன் ஒரு காயை உடைத்துப் பருப்பைக் கடித்தான். பிறகு தோள் துண்டை விரித்தான், இரண்டு கையையும் கூட்டி ஒரு அள்ளு அள்ளினான், முடிந்து மடியில் கட்டிக்கொண்டான். நிமிர்ந்தால் எதிரில் சுப்பராமன்.  அந்த வருஷம் அதற்கும் குறைந்த காரியத்துக்கெல்லாம் ஆள்கள் உள்ளே போயிருந்தார்கள்.

சுப்பராமன் அவனைப் பார்க்கவில்லை. பதிவேட்டை விரித்து, தேதி போட்டு, நிதானமாக எழுதினார்: 'எலி. நூற்றைம்பது கிராம்.' மை உலர ஊதினார்.

"கவுண்டரே, நாலு மணி பஸ் போயிடும்" என்றார்.

நஞ்சப்பன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக வள்ளியாத்தாளின் காட்டுக்குப் போனான். அடுத்த மழை எப்போது என்று சொல்ல ஆளில்லை. ஆடிக் காற்று மேல் மண்ணை உலர்த்திவிட்டிருந்தது, காலால் கிளறினால் அடியில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. வள்ளியாத்தாள் உழுத சாலோரம் உட்கார்ந்திருந்தாள். வெறும் வண்டிகள் வந்தது அவளுக்குத் தெரியும். அவன் துண்டை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தான். மூன்று ஏக்கராவுக்கு நூறு காய் கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதாங்க்கா" என்றான் அவன்.

 அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காயை உடைக்க உட்கார்ந்தாள். முதல் காயை எடுத்தவள் உடைக்கவில்லை. வழக்கம்போல் கண்ணில் ஒற்றி, "மாகாளியம்மனுக்கு" என்று சொல்லித் தனியாக வைக்கப் போனாள்.

நஞ்சப்பன் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். வாழ்நாளில் அவன் செய்யாத காரியம் அது. சாலுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாங்க்கா" என்றான் குரலைத் தாழ்த்தி. "அம்மன் பேரச் சொல்லாதீங்க. எட போட வந்துருவாங்க."